‘பவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் சிவசத்தியும்

சொல்லாராய்ச்சி சமயவாராய்ச்சிக்குப் புறம்பானதன்று. ஒரு பொருளைக் குறித்தற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சொல், அப்பொருளைப்பற்றிய நம் கருத்தை நாளடைவில் தன் போக்கிற்கு ஈர்த்துக்கொள்ளும். சொல் பிழைபடின் கருத்துப் பிழைபடும். கருத்துப் பிழைபடின் வழிபாடும் பிழைபடும். ஆகலின், இந்நாளில் நம்மவர் நாவில் மிகுதியும் பயில்வதும், நம் சாத்திரங்களை ஆங்கிலத்தில் எழுதுவார் பலரால் தயக்கமின்றிக் கையாளப்படுவதுமாகிய ‘பவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் பொருளையும் ஆராய்ந்து, அது சிவசத்தியைக் குறித்தற்குத் தகுவதோ என்பதனை ஈண்டு நோக்குவாம்.

இவ்வாராய்ச்சி வேண்டப்படுதற்குக் காரணம் யாதெனின், கூறுதும். திருக்கோயில் வாயில்களில் ‘அருள்மிகு’ என்னும் அடைமொழியோடு இறைவன் திருப்பெயர் எழுதப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். அப்பலகையின் கீழ் நின்றுகொண்டே, ‘இந்தச் சாமி மிகவும் பவர்ஃபுல்’ என்றும், ‘அந்தக் கோயிலுக்கு இதைவிடப் பவர் அதிகம்’ என்றும் பேசுவாரையும் காண்கின்றோம். பலகையில் நிற்பது ஒரு சொல். நாவில் நடப்பது மற்றொரு சொல். இரண்டும் ஒருபொருட் கிளவிகள் என்று பேசுவோர் கருதுகின்றனர். அவர் அன்புடையவரே, அவர்தம் அன்பை நாம் ஐயுறுகின்றிலேம். ஆயினும், அச்சொல் அவரை எவ்விடத்துக்கு அழைத்துச் செல்கின்றது என்பதனை ஆராய்தல் நம் கடனாகும்.

1. சொல்லின் பிறப்பு

‘பவர்’ என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அவர்தம் பிரெஞ்சு மொழி வழியாக வந்து புகுந்த சொற்களுள் ஒன்று. ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டினையொட்டி ஆங்கில நூல்களில் இது காணப்படுகின்றது. அதற்கு முன்னர் ஆங்கிலேயர் அப்பொருளில் வழங்கியது ‘மைட்’ என்பதன் பழைய வடிவம். அதுவும் ‘இயலும்’ என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்த பெயரே. அவ்வினையே இன்று ‘மே’ என்னும் துணைவினையாய் நிற்கின்றது.

பிரெஞ்சில் இச்சொல்லின் பழவடிவம் ‘பொதிர்’ என்பது போல் ஒலித்தது. பிரெஞ்சு மொழியின் முதற் சான்றாக அறிஞர் கொள்ளும் எழுத்து, 842-ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரில் இரண்டு அரச உடன்பிறந்தார் படைஞர் முன்னிலையில் ஒருவர்க்கொருவர் உரைத்த சூளுரையாகும். அதன்கண்ணே இச்சொல் வருகின்றது. இறைவன் தனக்கு எத்துணை அறிவும் எத்துணை வன்மையும் தருகின்றானோ அத்துணையளவும் உடன்பிறந்தானுக்குத் துணைநிற்பதாக அரசன் ஆணையிடுகின்றான். வன்மை இறைவனாற் றரப்படுவது என்பதும், அறிவோடு சேர்த்தே எண்ணப்படுவது என்பதும் அங்குக் குறிக்கொள்ளத் தக்கன. இடையிலிருந்த தகரவொலி பின்னர்த் தேய்ந்தொழிய, இன்றைய பிரெஞ்சில் ‘பூவ்வார்’ என ஆயிற்று. அம்மொழியில் அது ‘இயலுதல்’ என்னும் வினையுமாம். ‘வன்மை’ என்னும் பெயருமாம். வினையே பெயராய் நின்ற இவ்வியல்பு நம் தொழிற்பெயரை ஒப்பது.

இனி, பிரெஞ்சுக்கு மூலமாகிய இலத்தீனில் இதன் வடிவம் ‘பொஸ்ஸே’ என்பது. அது ‘பொதிஸ்’, ‘எஸ்ஸே’ என்னும் இரண்டு சொற்களின் புணர்ப்பு. ‘எஸ்ஸே’ என்பது இருத்தல். ‘பொதிஸ்’ என்பது வல்ல என்னும் பொருளது. ஆகவே, வல்லனாயிருத்தல் என்பதே சொற்பொருள்.

இப்பொதிஸ் என்பதன் இனத்தை மொழிநூலார் ஆராய்ந்தபொழுது நாம் மகிழ்தற்குரிய செய்தி ஒன்று வெளிப்பட்டது. 1786-ஆம் ஆண்டில் சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு பொதுமூலத்தினின்றும் பிறந்தனவாதல் வேண்டும் என்று கூறினார். 1816-ஆம் ஆண்டில் பிரான்ஸ் பாப் என்னும் செருமானியப் பேராசிரியர் வினைத்திரிபுகளை ஒப்பிட்டு அவ்வாராய்ச்சியை ஒழுங்குபடுத்தினார். அவர்க்குப்பின் வந்த மொழிநூலார், இலத்தீன் ‘பொதிஸ்’ என்பதும், கணவன் எனப் பொருள்படும் கிரேக்கப் ‘பொஸிஸ்’ என்பதும், தான் எனவும் கணவன் எனவும் பொருள்படும் இலித்துவேனியப் ‘பத்ஸ்’ என்பதும், வடமொழிப் ‘பதி’ என்பதும் ஓரினச் சொற்களே என்று துணிந்தனர். அவற்றின் பொதுப்பொருள் தலைவன், உடையான் என்பது. தனக்குத் தானே தலைவனாயிருப்பவன் எவனோ அவனே ஒன்றைச் செய்ய வல்லவன் ஆகலின், தலைவன் என்னும் பொருள் வல்லவன் என்னும் பொருளாக விரிந்தது.

நம் முப்பொருள் உண்மையில் முதற்கண் எண்ணப்படும் பதி என்னும் சொல்லே ‘பவர்’ என்பதன் அடியிற் கிடக்கின்றது. மேலும், சத்தி என்னும் வடசொல், இயலுதற்பொருளுடைய ‘சக்’ என்னும் வினையடியிற் பிறந்த பெயர். ஆகவே, ‘பவர்’ என்பது பிறப்பினாற் பதியோடும், பொருளினாற் சத்தியோடும் உறவுடையதாகின்றது. பதியும் சத்தியும் பிரிவின்றி நிற்றலைக் கூறும் சித்தாந்திக்கு இச்செய்தி இனிமை பயப்பதாம்.

2. உறவு காட்டி உண்மை நாட்டலாகாமை

இவ்வினிமையில் மயங்கி, ‘ஆங்கிலச் சொல்லிலேயே நம் சித்தாந்தம் அடங்கியுள்ளது; ஆகலின் சத்தியைப் பவர் என்று மொழிபெயர்ப்பதில் இழுக்கில்லை’ என்று கூறுவார் உளராயின், அவர்க்கு இரண்டு கூறுதல் வேண்டும்.

ஒன்று: இனமொழிகள் உடன்பிறந்தார் போல்வன, தாயும் மகளும் போல்வன அல்ல. வடமொழியினின்றும் ஆங்கிலம் பிறந்ததென்பது மொழிநூலார்க்கு உடன்பாடன்று. பதி என்பதனை நம் நாட்டு இலக்கணநூலார் காத்தற்பொருளுடைய ‘பா’ என்னும் அடியினின்றும் வருவித்தலும் உண்டு. அடி எதுவாயினும், பதியிலக்கணம் ஆகமத்தாலும் மெய்கண்ட சாத்திரங்களாலும் நிறுவப்படுவதேயன்றி, சொல்லடியால் நிறுவப்படுவதன்று.

மற்றொன்று: ஒரே அடியிற் பிறந்த சொற்கள் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு ஒழுக்கம் பூணும். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ‘தம்பதி’ என்னும் சொல். ‘தம்’ என்பது இல்லம். ‘பதி’ என்பது தலைவன். இருக்கு வேதத்தில் இச்சொல் ஒருமையில் இல்லத் தலைவனையும், இருமையில் தலைவனும் தலைவியுமாகிய இருவரையும் குறிக்கும். இதற்கு நேரான கிரேக்கச் சொல் ‘தெஸ்பொதேஸ்’ என்பது. அங்கும் இல்லத் தலைவன் என்பதே முதற்பொருள். அச்சொல் அடிமைகளை ஆளும் ஆண்டானைக் குறித்து, பின்னர் வரம்பின்றி ஆளும் மன்னனைக் குறித்து, ஆங்கிலத்தில் ‘டெஸ்பாட்’ என வந்து கொடுங்கோலன் என்னும் பொருளில் நிலைத்தது. ஓரடியிற் பிறந்த சொல் ஆண்டுக் கொடுங்கோலனைக் குறிக்க, ஈண்டு நம் தமிழ்வழக்கிலும் புகுந்து இணைபிரியாக் கணவன் மனைவியரைக் குறிக்கின்றது. தலைமை தனித்து நின்றவிடத்துக் கொடுமையாயிற்று. தலைவியோடு கூடி நின்றவிடத்து இல்லறமாயிற்று.

இவ்வடியே மூன்றாவது ஒழுக்கம் ஒன்றும் பூண்டது. இலத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ என்பது விருந்தினர்க்குத் தலைவன் எனப் பொருள்படும் தொகைச்சொல். விருந்து புறந்தருவானைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், நம்மூரார் ‘ஆஸ்பத்திரி’ என்று வழங்கும் சொல்லும் அதன் வழியின. ஆகவே, தலைமைப்பொருளுடைய ஓரடி, நசுக்குவானையும் குறித்தது, விருந்தோம்புவானையும் குறித்தது, நோய் தீர்க்கும் இடத்தையும் குறித்தது. தலைமை எத்தகைய தலைமை என்பதனை அடி அறிவிக்கமாட்டாது, வழக்கே அறிவிக்கும். ஆகலின் ‘பவர்’ என்பதன் வழக்கினை நோக்குதல் வேண்டும்.

3. பொருளின் வழக்கு

இலத்தீனில் இப்பொருளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. உள்ளார்ந்த வன்மையைப் ‘பொதென்சியா’ என்றும், ஆணை செலுத்தும் உரிமையைப் ‘பொதெஸ்தாஸ்’ என்றும் பெரும்பாலும் வேறுபடுத்தினர். ஆங்கிலத்தில் இரண்டும் ‘பவர்’ என்னும் ஒன்றிலேயே வந்து அடங்கின. இதனால் நேர்ந்த இடர்ப்பாட்டை ஆங்கிலேயர் தம் சமயநூலிலேயே கண்டனர். கிறித்தவரின் புதிய ஏற்பாட்டுக் கிரேக்க மூலத்தில், வன்மையைக் குறிப்பது ‘தூனமிஸ்’. அதிகாரத்தைக் குறிப்பது ‘எக்ஸூசியா’. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த அரசாணை மொழிபெயர்ப்புப் பலவிடங்களில் இரண்டையும் ‘பவர்’ என்றே பெயர்த்தது. லூக்கா 10-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனத்தில், மூலத்திலே இரண்டு சொற்களும் ஒருங்கு வர, மொழிபெயர்ப்பிலே ஒரு சொல்லே இருமுறை வருகின்றது. 1881-ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பு முன்னதனை அதிகாரம் எனப் பொருள்படும் வேறு சொல்லால் மாற்றிற்று. தமிழ் விவிலியமோ அவ்விடத்தில் அதிகாரம், வல்லமை என இரண்டு சொற்களால் தெளிவாகப் பிரித்துக் கூறுகின்றது. தம் வேதத்தை மொழிபெயர்த்தவிடத்தே அறிஞர் குறையெனக் கண்டு திருத்திய ஒரு சொல்லை, நம் சாத்திரத்தை மொழிபெயர்க்குமிடத்து நாம் ஆராயாது எடுத்தாளுதல் தகுமோ?

பின்னர்ப் பொறிநூலார் இச்சொல்லைத் தமக்குரிய குறியீடாகக் கொண்டனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறியின் உழைப்பைக் குதிரையின் உழைப்போடு ஒப்பிட்டு, ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத்திறன் என்று வரையறுத்தார். அவர் பெயரால் ‘வாட்’ என்னும் அலகினை 1882-ஆம் ஆண்டில் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட்டு ஆகும். அறிவியலில் ‘பவர்’ என்பது குறித்த காலத்தில் எத்துணை வேலை நிகழ்கின்றது என்னும் அளவேயாம். ‘எனர்ஜி’ என்பது அதனின் வேறு. அச்சொல் செயல் எனப் பொருள்படும் கிரேக்க ‘எர்கொன்’ என்பதன் அடியாகப் பிறந்தது. தமிழ்ப் பாடநூல்களும் முன்னதைத் திறன் என்றும், பின்னதை ஆற்றல் என்றும் வேறுபடுத்தியே வழங்குகின்றன. அங்ஙனமாகவும், ஒரே பக்கத்தில் சத்தியை ஓரிடத்துப் ‘பவர்’ என்றும் மற்றோரிடத்து ‘எனர்ஜி’ என்றும் எழுதிச் செல்லுதல் அறிவியலுக்கும் ஒவ்வாது, சித்தாந்தத்துக்கும் ஒவ்வாது.

இனி, தமிழர் பேச்சுவழக்கில் இச்சொல் எவ்வெப்பொருளில் வழங்குகின்றதென நோக்குக. மின்சாரம் நின்றால் ‘பவர் போயிற்று’ என்பர். மூக்குக் கண்ணாடிக்குப் ‘பவர்’ உண்டு. பதவியில் இருப்பவர்க்குப் ‘பவர்’ உண்டு. பதவி போயின் அதுவும் போம். நிலம் விற்றற்கு ஒருவர் மற்றொருவர்க்குப் ‘பவர்’ எழுதிக்கொடுக்கின்றார். வேண்டாவெனின் அதனை நீக்கியும் விடுகின்றார். இவ்வழக்குகளில் நின்று நாம் அறியக்கிடப்பன மூன்று: ‘பவர்’ என்பது உடையானிடத்தினின்றும் பிரிக்கத்தக்கது, அளந்து கூடுதல் குறைவு சொல்லத்தக்கது, தன்பால் அன்பு என்னும் பண்பு இன்றியும் நிற்கத்தக்கது.

4. சத்தியிலக்கணம்

இம்மூன்றினோடும் சிவசத்தியின் இலக்கணத்தை ஒப்புநோக்குவாம்.

முதலாவது, சிவசத்தி சிவத்தினின்றும் பிரிக்கத்தக்கதன்று. ஞாயிறும் கதிரும் போல, தீயும் சூடும் போல, குணியும் குணமுமாய் நிற்பது. தாதான்மியம் என்னும் உறவு இதுவே. ஒருவர் மற்றொருவர்க்கு எழுதிக்கொடுக்கும் உரிமை போலவோ, கம்பிவழி வந்து போகும் மின்சாரம் போலவோ அது வருவதும் போவதும் இல்லை.

இரண்டாவது, அது அளவிடத்தக்கதன்று. ஒன்றாய் நிற்கும் பராசத்தியே செய்யும் தொழிலுக்கேற்ப இச்சை, ஞானம், கிரியை என மூவகையாக வழங்கப்படும். இப்பகுப்பு உயிர்களின்மேற் பதியும் பயனை நோக்கியதேயன்றி, சத்தி தானே துண்டுபட்டது என்பதற்கன்று.

மூன்றாவது, அன்பின்றி நிற்பதன்று. இதுவே தலையாயது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அரனுக்குச் சத்தியாவது அருளே என்று நிறுவினார். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் பதியிலக்கணம், உயிரிலக்கணம், இருண்மலவிலக்கணம் கூறியபின், நான்காம் அதிகாரத்தை அருளுக்கென்றே வகுத்தார். மெய்கண்டார் மரபில் வந்த ஆசிரியர் ஒருவரும் சத்தியை வெறும் வன்மை என்று கூறி அமைந்திலர். வன்மை அருளின் ஒரு முகம். அருளே அதன் உயிர்நிலை.

ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. சத்தி என்னும் சொல் நம் சாத்திரத்தில் மாயைக்கும் வழங்கும். அது பரிக்கிரகசத்தி எனப்படும். குடத்திற்கு மண்போல உலகிற்கு முதற்காரணமாய், இறைவனால் தொழிற்படுத்தப்படும் சடப்பொருள் அது. ஆணவமலத்திற்கும் உயிர்தோறும் அறிவை மறைக்கும் சத்திகள் உண்டென்பர். இறைவனுடைய சத்தியோ சித்து. இம்மூன்றையும் ‘பவர்’ என்னும் ஒரு சொல்லால் பெயர்த்தால், ஆங்கிலம் மட்டும் கற்றவர் சித்தையும் சடத்தையும் அருளையும் இருளையும் எங்ஙனம் வேறுபடுத்தி அறிவார்?

இவ்விடர் கற்பனையன்று. சர் ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்னும் புனைபெயரில் வெளியிட்ட தந்திர நூலொன்றுக்குக் குண்டலினியைக் குறித்து ‘சர்ப்பென்ட் பவர்’ என்று பெயரிட்டார். கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்தும் ஆகம தந்திரங்களை மேலைநாட்டார் இகழாது கற்கும்படி செய்த அவருடைய உழைப்பு போற்றத்தக்கதே. அவர் கூறுவது சாத்தர் கொள்கையாகலின், அந்நெறிக்கு அப்பெயர் பொருந்துவதாகுக. ஆனால், சித்தாந்தத்தில் குண்டலினி என்பது சுத்தமாயைக்குப் பெயர். அது பரிக்கிரகசத்தியாகிய சடம். அந்நூலைப் படித்த நம்மவர், அதே ‘பவர்’ என்னும் சொல்லைச் சித்தாந்த மொழிபெயர்ப்பிலும் காணுங்கால், சுத்தமாயையையும் திருவருளையும் ஒன்றெனவே மயங்குவர். சொல்லின் ஒருமை பொருளின் ஒருமையாகத் தோற்றும். இதனாலேயே திருவருளைப் பெறுதற்குரியதாகக் கருதாது, உடம்பினுள் எழுப்பிக்கொள்ளும் ஒரு விசையாகக் கருதும் எண்ணம் வேரூன்றுகின்றது.

5. தடையும் விடையும்

அற்றேல், இறைவனுடைய எண்குணங்களுள் முடிவிலாற்றலுடைமையும் ஒன்றாக எண்ணப்பட்டதாலோ எனின், அஃதொக்கும். ஆயின் அவ்வாற்றல் தனித்து எண்ணப்படாது, பேரருளுடைமையோடு உடன் எண்ணப்பட்டமை காண்க. தன்வயத்தனாதல் முதலாக வரம்பிலின்பமுடைமை ஈறாக அவை ஒருபொருளின் குணங்களாதலின், ஒன்றைவிட்டு ஒன்று நில்லாது. ‘பவர்’ என்பது அவ்வெட்டனுள் ஒன்றன் நிழலை மாத்திரம் காட்டும், எஞ்சியவற்றைக் காட்டாது.

இனி, தலத்துக்குத் தலம் விசேடம் உண்டென்பது நமக்கும் உடன்பாடன்றோ? ஆகவே ஒரு கோயிலுக்குப் ‘பவர்’ மிகுதி என்பதில் குற்றம் என்னை எனின், அறியாது கூறினாய். பசுவின் உடம்பெங்கும் பரவிய பால் மடிவழியே வெளிப்படுதல் போல, எங்கும் நிறைந்த இறைவன் திருக்கோயிலிடத்து விளங்கித் தோன்றுகின்றான். பாலில் நெய்போல விளங்காது நிற்றலும், தயிரில் நெய்போல விளங்கி நிற்றலும் என்று சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின்கண் கூறப்படும் வேறுபாடு, விளக்கத்தின் வேறுபாடே, பொருளின் வேறுபாடன்று. தலவிசேடம் என்பது இறைவன் நம்பொருட்டு எளிவந்து நிற்றலைக் கூறுவது. ‘பவர் அதிகம்’ என்பதோ இறைவனையே அளந்து ஏற்றத்தாழ்வு கூறுவது. முன்னது நன்றியிற் பிறந்த சொல். பின்னது விலைகேட்கும் சொல்.

சொல் எதுவாயின் என்? உள்ளத்தில் அன்பிருந்தாற் போதாதோ எனின், அன்பு துன்பத்தின்கண் சோதிக்கப்படும் என்க. வேண்டியது கிட்டாதபொழுதே இச்சொல்லின் குறை வெளிப்படும். இறைவனைப் ‘பவர்’ என்று கொண்டவன், தன் மகவின் நோய் தீராதவிடத்தும், தன் வழக்குத் தோற்றவிடத்தும் என் சொல்வான்? ‘இங்குப் பவர் இல்லை’ என்பான். வேறு கோயிலைத் தேடுவான். அங்கும் கிட்டாதாயின் இறைவனே இல்லையென்பான். மின்சாரம் நின்றவிடத்துப் ‘பவர்’ இல்லை என்பது போல, பயன் தோன்றாதவிடத்துச் சத்தி இல்லை என்பதே அச்சொல் அவனுக்குக் கற்பித்த அளவை.

சித்தாந்தியோ அவ்விடத்தே தளரான். ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று என அவன் அறிவான். திரோதானம் என்பது சத்தியின் குறைவன்று. மலபரிபாகம் வருவித்தற்பொருட்டுச் சத்தி மறைந்து நின்று தொழிற்படுதலே அது. மலத்தைச் செலுத்துதலின் உபசாரத்தால் அதற்கும் மலமென்று பெயருண்டாயினும், உண்மையில் அதுவும் அருளே. அறக்கருணை, மறக்கருணை என நம் பெரியோர் கருணையை இருவகைப்படுத்தினர். கைப்பு மருந்தை ஊட்டும் தாயும், பாலூட்டும் தாயும் ஒருத்தியே. தரும்பொழுது மாத்திரமன்றித் தராதபொழுதும் உடனிருப்பது அருள். இக்கருத்தைச் சொல்லுதற்குப் ‘பவர்’ என்னும் சொல்லில் இடமே இல்லை. துன்பத்தில் நம்மைத் தாங்கமாட்டாத ஒரு சொல்லை வழிபாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்தல் எத்துணைப் பேரிழப்பு!

6. செயற்பாலன

ஆங்கிலத்தை வெறுத்தல் நம் கருத்தன்று. 1895-ஆம் ஆண்டில் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்களும், 1900-ஆம் ஆண்டில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் அவர்களும் செய்த தொண்டினால் நம் சமயம் உலகறிந்ததாயிற்று. அத்தொண்டு மேலும் வளர்தல் வேண்டும். வளருங்கால், சத்தி என்னும் சொல்லை அவ்வாறே ஆங்கிலத்தில் எழுதி, முதன்முறை வருமிடத்து அருள் என்னும் பொருளை விளக்கிக் காட்டுதல் நலம். தாதான்மியசத்தி, பரிக்கிரகசத்தி, மலசத்தி என்பனவற்றைத் தனித்தனிக் குறியீட்டால் வேறுபடுத்துதல் இன்றியமையாதது. இறைவனுடைய ஆற்றலைத் தனியே கூறும் இடத்துப் ‘பவர்’ என்று எழுதுதலில் தடையில்லை. அச்சொல்லின் பழம்பொருளும் அதற்கு இடந்தரும்.

தமிழிற் பேசுவார்க்கோ அச்சொல்லாற் பயனே இல்லை. நமக்கு ஆற்றல் என்னும் சொல் உண்டு. ஆற்று என்னும் வினை நம் மொழியிற் செய்தலையும் குறிக்கும், பொறுத்தலையும் குறிக்கும், தணித்தலையும் குறிக்கும். கடன் ஆற்றுதல், பசி ஆற்றுதல், துயர் ஆற்றுதல் என்பன நாள்வழக்கு. இவையெல்லாம் ஓரடியினவோ பலவோ, அஃது இலக்கணநூலார் ஆராய்க. வழக்கினால் அச்சொல்லுக்குக் கிடைத்த குளிர்ச்சி நமக்குப் போதும். அழும் குழவியைத் தாய் ஆற்றுகின்றாள் என்னும் தமிழனுக்கு, ஆற்றலுடையான் என்றவிடத்து நசுக்குவானுடைய நினைவு வாராது. ஆளுதல் என்னும் அரசியற் சொல்லையும் நம் அருளாளர் அவ்வாறே உருக்கி, இறைவன் தம்மை ஆண்டுகொண்டான் என்று கண்ணீரோடு சொல்லும் சொல்லாக்கினர். தலைமையைக் குறித்த சொல்லை அருளாக்கிய மொழி நம் மொழி.

திருக்கோயிற் பலகையில் ‘அருள்மிகு’ என்று எழுதியிருப்பது அழகுக்காக அன்று. அது சித்தியாரும் திருவருட்பயனும் விரித்துக் கூறிய சத்தியிலக்கணத்தை வழிப்போக்கனும் படிக்கும்படி ஒரு சொல்லாற் சுருக்கியதாகும். அன்பர்கள் அதனை நிமிர்ந்து பார்த்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்து, உள்ளே செல்வார்களாக. பிள்ளைகள், ‘இந்தச் சாமிக்குப் பவர் உண்டா?’ என்று கேட்குமிடத்து, ‘இவர் அருளே வடிவானவர்’ என்று பெற்றோர் மறுமொழி கூறுவாராயின், ஒரு சாத்திரப் பாடம் அங்கே நிகழ்ந்ததாம்.

திருச்சிற்றம்பலம்